துளி வண்டி வாங்குமுன்

மாங்காய் ஒன்றைக் கிடையாக வைத்து, அதற்கு இரண்டு சக்கரங்களைப் பூட்டி, காரின் பின்னால் இணைத்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் ‘டியர்டிராப் டிரெய்லர்’ என வழங்கும் சிறு வண்டி ஏறக்குறைய அவ்வாறுதான் இருக்கிறது. முன்புறம் உருண்டு திரண்டும் பின்புறம் சரிந்து ஒடுங்கியும் உள்ள உருவம். உள்ளே இருவர் படுக்க ஒரு மெத்தை. பின்பக்க மூடியைத் தூக்கினால் ஒரு சிறு அடுக்களை. அவ்வளவே அதன் செல்வம். எழுந்து நிற்க இடம் கிடையாது. பெரும்பாலானவற்றில் கழிவறையும் கிடையாது. கூடாரம் அடிக்கும் தொல்லையின்றி மலையடியிலும் ஏரிக்கரையிலும் இரவு தங்க விரும்புவோருக்காக ஏற்பட்டது அது. பெயரை நேராகத் தமிழாக்கினால் ‘கண்ணீர்த்துளி வண்டி’ என்றாகும். விடுமுறைக்குப் புறப்படும் வேளையில் கண்ணீரை நினைப்பானேன்? துளி வண்டி என்றே இங்கு சொல்லிச் செல்கிறேன்.

இதைப் புதிய மோகம் என்று எண்ண வேண்டியதில்லை. 1930-களில், பொருளாதார மந்தத்தால் கையில் காசு அருமையாக இருந்த நாட்களிலேயே அமெரிக்கர் இதைத் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே செய்துகொள்ளத் தொடங்கினர். அங்கே ஒட்டுப்பலகை 4 அடிக்கு 8 அடி என்ற அளவில் விற்கும். வண்டியும் பெரும்பாலும் அந்த அளவையொட்டியே அமைந்தது. செய்முறைப் படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன. ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்னும் சஞ்சிகை 1947-இல் வெளியிட்ட படம் இன்றும் பேர்பெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் விமானத் தொழிலில் மிஞ்சிய அலுமினியத் தகடு மலிவாகக் கிடைக்கவே, அது வண்டிக்கு மேற்போர்வை ஆயிற்று. 1960-களில் பெரிய வண்டிகளின் மேல் மக்களுக்கு ஆசை விழுந்தது. துளி வண்டி மறைந்தது. 1990-களுக்குப் பின் மீண்டும் தலையெடுத்து, இன்று பல கம்பெனிகள் பல விதமாகச் செய்து விற்கின்றன.

வடநாட்டு ரயில்வே ஊரில் காலம் தள்ளும் நமக்கு இதனால் ஆவது என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இல்லாத வீடு இன்று அருகிவிட்டது. என் சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, சியாட்டில் நகரையடுத்து மனைவியோடும் ஐந்து வயதுப் பெண் குழந்தையோடும் இருக்கிறான். துளி வண்டி வாங்க உத்தேசித்து, மூன்று வண்டிகளின் விவரத்தாள்களை எனக்கு அனுப்பி, “அண்ணா, சரக்கு ஆபீசில் எடை பார்ப்பவர் நீங்கள், இதில் எது நல்லது?” என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்டானோ என்னவோ, நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனெனில் இரண்டாவது தாளின் ஓரத்தில் விற்பனையாளர் கைப்பட எழுதியிருந்த ஒரு வரி என் கண்ணை உறுத்தியது. ‘வண்டியின் எடை 1,450 ராத்தல். உங்கள் கார் 1,500 வரை இழுக்கும். ஆகவே கவலையில்லை’ என்பது அந்த வரி. (ஒரு ராத்தல் சுமார் 454 கிராம். நாம் விட்டொழித்த ராத்தலை அமெரிக்கர் இன்னும் விடவில்லை.)

நம் ஸ்டேஷன் யார்டில் நிற்கும் எந்தச் சரக்கு வாகனின் பக்கத்தில் பார்த்தாலும் இரண்டு எண்கள் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும். ஒன்று வெற்று எடை. மற்றொன்று அது ஏற்கக்கூடிய சுமை. பாக்ஸ்-என் என்னும் திறந்த வாகனுக்கு அடிப்படைக் கணக்கில் வெற்று எடை 22.47 டன், சுமை 58.81 டன், ஆக மொத்தம் 81.28 டன். தண்டவாளமும் பாலமும் தாங்க வேண்டியது மொத்தத்தைத்தான். வெற்று எடையை மட்டும் பார்த்துப் பாலத்தின் மேல் வண்டியை விடுபவர் எவருமில்லை. துளி வண்டிக்கும் இதே நியாயம்தான். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது வெற்று எடை. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை வண்டியில் ஒட்டிய தகட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நாம் ஏற்றக்கூடிய சுமை. விற்பனையாளர் எழுதிய வரியில் இந்தச் சுமைக்கே இடமில்லை.

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டாம் வண்டியின் வெற்று எடை 1,450. தாளிலேயே ‘தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்’ என்று குறித்திருந்த பாட்டரி, ஈய வகையானால் 60 ராத்தல். சமையல் வாயு உருளை, 20 ராத்தல் வாயு பிடிப்பது, நிரப்பிய நிலையில் சுமார் 37. தம்பி ஆசைப்பட்ட சாய்ப்புத் துணியும் கூரைக் கம்பிகளும் 70. வண்டிக்கு அடியில் 20 காலன் தண்ணீர்த் தொட்டி. அமெரிக்கக் காலன் ஒன்றுக்கு 8.34 ராத்தல் வீதம் அது 167. படுக்கை, உடைகள், பாத்திரம், அடுப்பு, ஐஸ் பெட்டி, மளிகை எல்லாவற்றுக்குமாக 190 என்று கையை இறுக்கியே வைத்தேன். கூட்டினால் 1,974. அந்த வண்டியின் அனுமதித்த மொத்தம் 2,200. எனவே வண்டிக்குக் குறைவில்லை. காருக்குத்தான் 474 ராத்தல், அதாவது 215 கிலோ மிகை. மலைக்கணவாய் ஏறி இறங்கும் சாலையில், பின் இருக்கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, இழுக்கத் தகாத பாரத்தை இழுத்துச் செல்வது என்றால் மனம் பதறாதா?

காரின் கணக்கு அதோடு முடிவதில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், அந்தக் கார் ஆட்களும் சாமானுமாகச் சுமக்கக்கூடிய எடையைக் குறித்த சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். வண்டியின் முன் நீளும் கம்பி காரின் மேல் அழுத்தும் பாரமும் அந்தச் சுமையில்தான் சேரும். அமெரிக்கர் அக்கம்பியை ‘நாக்கு’ என்கிறார்கள். நம் ஊர் வண்டிக்காரர் இதையே முன்பாரம் என்றார்கள். நெல் மூட்டை ஏற்றும்போது, முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து தாழும், பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும் என்று மூட்டையை நகர்த்தி நகர்த்திச் சமன் செய்வதை ஊரில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்க விதிப்படி, முன்பாரம் வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருக்க வேண்டும். பத்துக்கும் கீழே போனால் வேகத்தில் வண்டியின் பின்புறம் நாய் வாலைப் போல் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

துளி வண்டியில் இந்த ஆபத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அடுக்களை இருப்பது பின்கோடியில். ஐஸ் பெட்டி, அரிசி, இரும்புத் தோசைக்கல், தண்ணீர் என்று கனத்த சாமான் எல்லாம் தாமாகவே அச்சுக்குப் பின்னால் போய்ச் சேருகின்றன. கடையில் காலியாக நிற்கும்போது முன்பாரம் சரியாக இருந்த வண்டி, வீட்டார் சமையல் சாமான் ஏற்றியபின் பின்பாரமாகிவிடும். ஆகையால் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்கு முதன்மையாகத் தோன்றியது இதுதான்: தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? முன்னால் பாட்டரிக்கும் பெட்டிக்கும் இடம் விட்டிருக்கிறார்களா? விற்பவரிடம் பதில் இல்லையென்றால் படுத்துப் பார்த்துவிடலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. அங்கே நெடுஞ்சாலையில் லாரிகள் தங்குமிடங்களில் எடை மேடைகள் உண்டு. சொற்பக் கட்டணத்தில் எவரும் நிறுத்துப் பார்க்கலாம். சாமான் ஏற்றி முதல் பயணம் புறப்படும் அன்றே மேடையில் ஏறிவிடுவது நன்று.

இணைப்பு விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. காரின் பின்னுள்ள இணைப்புக் குண்டு 1⅞ அங்குலம், 2 அங்குலம் என்று வெவ்வேறு அளவில் வரும். இரண்டு அங்குலக் கிண்ணத்தைச் சிறிய குண்டின் மேல் வைத்தாலும் உட்கார்ந்தது போலவே தோன்றும். பள்ளத்தில் விழுந்து எழும்போது கழன்றுவிடும். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் நாக்கின் அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். பிரேக்கைப் பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் 1,500 ராத்தல் மொத்த எடைக்கே பிரேக் வேண்டும். வேறு பல மாநிலங்களில் 3,000 வரை விட்டுவிடுகிறார்கள். ஆனால் பல கார்களின் கையேடு, 1,000 ராத்தலைத் தாண்டினாலே வண்டிக்குத் தனிப் பிரேக் வேண்டும் என்கிறது. சட்டம் விட்டாலும் கையேட்டை விடாதே என்று தம்பிக்கு எழுதினேன்.

எடைக்கு அடுத்த பகை ஈரம். சியாட்டில் பக்கத்தில் மாதக்கணக்கில் தூறல் ஓயாது. துளி வண்டியை இரண்டு முறையில் கட்டுகிறார்கள். பழைய முறையில் மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் எலும்பு, மேலே அலுமினியம் தோல். புதிய முறையில் நுரைப் பலகையைக் கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே வைத்து ஒட்டி, மரத்தையே பெரும்பாலும் விலக்கிவிடுகிறார்கள். மரவண்டி அழகு, பழுது பார்ப்பதும் எளிது, தச்சு வேலை தெரிந்தவன் தானே சரிசெய்துகொள்வான். ஆனால் தண்ணீர் உட்புகுந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இற்றுக்கொண்டே போகும். ஒட்டுத்தகடு அழுகாது, ஒட்டு விட்டால் மட்டும் உப்பிக் கொப்புளம் போலாகும், அதைச் சீர்செய்யச் செலவு அதிகம். இரண்டிலும் நீர் புகும் இடங்கள் ஒன்றே: கூரை விசிறியின் சட்டம், கதவு ரப்பர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்மூடியின் கீல். கூரையில் விழும் மழை எல்லாம் சரிந்து அந்தக் கீலின் மேலேதான் ஓடுகிறது. மூன்று வண்டிகளையும் ஒப்பிட்டபோது, கீலை எப்படி மூடியிருக்கிறார்கள் என்பதற்கு நல்ல படம் அனுப்பும்படி நான் கேட்டேன். தம்பி சிரித்தான். மெத்தையின் நிறத்தைக் காட்ட எட்டுப் படங்கள் இருந்தன. கீலுக்கு ஒன்றுகூட இல்லை.

வெளி மழை போதாதென்று உள்ளேயும் ஓர் ஈரம் உண்டு. 5 அடி அகலமும் 8 அடி நீளமும் 4 அடி உயரமும் உள்ள அறை, வளைவைக் கழிக்காமல் பார்த்தாலும் 160 கன அடிதான். அதில் இருவர் இரவு முழுவதும் மூச்சுவிட்டால் குளிர்ந்த சுவரில் நீர் முத்து முத்தாகக் கோக்கும். மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும். குளிராயினும் ஒரு சன்னலையும் கூரை விசிறியின் மூடியையும் சிறிது திறந்தே வைக்க வேண்டும். மெத்தையின் அடியில் காற்று புக வழியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பையோ வாயு அடுப்பையோ உள்ளே கொண்டுபோவது உயிருக்கே கேடு. கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் இல்லாத நஞ்சு. தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். அதைக் கண்டு மணியடிக்கும் சிறு கருவி வண்டியில் பொருத்தியிருக்க வேண்டும்.

படுக்கையைப் பற்றித் தம்பியின் மனைவிக்குத்தான் சந்தேகம் இருந்தது, நியாயமான சந்தேகம். பழைய கணக்கில் 4 அடி அகல வண்டி என்றால் இருவர் திரும்பிப் படுக்க ஒருவர் அனுமதியை மற்றவர் கேட்க வேண்டும். 5 அடி இருந்தால் அங்கே ‘குவீன்’ என்று சொல்லும் கட்டிலின் அகலம் கிடைக்கும். இருபுறமும் கதவு இருப்பது அவசியம் என்பேன். ஒரே கதவானால் நள்ளிரவில் எழுபவர் மற்றவர்மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். குழந்தைக்குக் கால்மாட்டில் தொட்டில் போன்ற சிறு படுக்கை வைத்துத் தருகிறவர்களும் உண்டு. அது எத்தனை ராத்தல் தாங்கும் என்பதைக் கேட்க வேண்டும், ஏனெனில் குழந்தை வளரும். ஓடும்போது எவரும் வண்டிக்குள் இருக்கலாகாது என்பதையும் வீட்டில் சொல்லி வைப்பது நல்லது.

நம் வாசகர்களுக்கு இங்கே ஒரு சொந்தக் காரியம் இருக்கிறது. ஆறு மாதம் போய்த் தங்கிவரும் பெற்றோரைப் பிள்ளைகள் வண்டியில் ஏற்றிக் காடு காட்ட ஆசைப்படுவார்கள். என் சித்திக்கு முழங்கால் வலி. துளி வண்டிக்குள் நுழைவதென்றால் முதலில் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு கால்களை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இரவில் இரண்டு முறை எழுந்து, குளிரில் நூறு தப்படி நடந்து பொதுக் கழிவறைக்குப் போகவும் வேண்டும். சித்திக்கு இது ஆகாது என்பதை வாங்குமுன் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் இல்லை. வாங்கியபின், “உங்களுக்காகத்தான் வாங்கினோம், நீங்கள் வரமாட்டேன் என்கிறீர்களே” என்று தொடங்கினால் அது முடிவதே இல்லை. முதியவர்களுக்கு அருகிலுள்ள விடுதியில் ஓர் அறை எடுத்துக் கொடுத்து, பகலில் வண்டியண்டை வந்து சாப்பிடச் சொல்வது இருவருக்கும் மரியாதை.

சாப்பாட்டில் குறை வராது. பின்மூடியே கூரையாக நிற்க, இரண்டு கண் அடுப்பில் சாம்பாரும் சோறும் தாராளமாக ஆகும். உயர்ந்த இடங்களுக்குப் பிரஷர் குக்கர் இல்லாமல் போகவேண்டாம். யோசமிட்டியின் துவாலமி புல்வெளி 8,600 அடி உயரம். அங்கே தண்ணீர் 91 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் காத்திருந்தால் பொழுது சாயும்.

துளி வண்டி சிறியதாயிற்றே, எங்கும் போகும் என்று எண்ணுவதும் முழுதும் சரியன்று. மான்டானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற மலைச்சாலையில், அவலாஞ்சிக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே, காரும் வண்டியும் சேர்த்து 21 அடிக்கு மேல் நீளம் கூடாது. 15 அடிக் காரின் பின்னால் 12 அடித் துளி வண்டி கட்டினாலே 27 அடி. முகாமில் வண்டியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். மாறாக, எல்லோஸ்டோன் பூங்காவில் கரடி நடமாட்டம் மிகுந்த பிஷிங் பிரிட்ஜ் முகாமில் துணிக் கூடாரத்துக்கு இடமில்லை; கெட்டியான சுவர் உள்ள வண்டிகளுக்கே இடம். வீட்டு வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது என்று தடை விதிக்கும் குடியிருப்புச் சங்கங்களும் அங்கே பல. கார்க் கொட்டகையின் கதவு வழக்கமாக 7 அடி உயரம். துளி வண்டி அதனுள் நுழைந்துவிடும் என்பது பெரிய சௌகரியம். ஆனால் மூன்றாவது தாளிலிருந்த வண்டி, கரடுமுரடான பாதைக்கென்று பெரிய டயர்களும் கூரைச் சட்டமும் வைத்து உயர்த்தியது, கொட்டகையில் நுழையாது. அதன் வெற்று எடையே 2,050 ராத்தல் என்பதால் அதை நாங்கள் அதற்கு முன்பே தள்ளிவிட்டோம்.

எஞ்சியது முதல் வண்டி. அலுமினியம் போர்த்த மரவண்டி. வெற்று எடை 950, அனுமதித்த மொத்தம் 1,500. தொட்டி கிடையாது, 5 காலன் கேனில் தண்ணீர், 42 ராத்தல். பாட்டரியை லித்தியம் வகையாக மாற்றினால் 30-இல் முடியும். வாயு உருளையும் முன் சொன்ன 190-ம் சேர்ந்து 1,249. அதன் அச்சுக்குப் பழைய பட்டை ஸ்பிரிங். சதுரக் குழாய்க்குள் ரப்பரை அடக்கிய புது மாதிரி அச்சு அதைவிட மெதுவாக ஓடும் என்கிறார்கள், உண்மையே. ஆனால் ரப்பர் நைந்தால் அச்சு முழுவதையும் மாற்ற வேண்டும். பட்டை முறிந்தால் பட்டையை மாற்றினால் போதும். எனக்குப் பட்டையே பிடிக்கும்.

புதிது வாங்காமல், அதே மாதிரியில் ஒன்றை இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுத்துப் பார்க்கும்படி சொன்னேன். ஆண்டுக்கு ஏறக்குறைய 140 அங்குலம் மழை பெய்யும் ஹோ மழைக்காட்டுக்கே தம்பி போனான். சோதனைக்கு அதைவிடத் தக்க இடம் ஏது? கூரை ஒழுகவில்லை, குழந்தை நடுவில் படுத்துக்கொண்டாள். சமைக்கும்போது மட்டும் முதுகு நனைந்தது என்று தம்பியின் மனைவி முறையிட்டாளாம். சாய்ப்புத் துணி ஒன்றைத் தனிக் கம்பு நட்டுக் கட்டிக்கொள்ளலாம். கூரையில் பொருத்தி எடையைக் கூட்ட வேண்டியதில்லை.

இப்போது அவர்கள் பழைய வண்டியாகவே ஒன்றைத் தேடுகிறார்கள். பழையது பார்க்கப் போகிறவர் மழை பெய்த மறுநாள் போக வேண்டும். மெத்தையைத் தூக்கி மூலைகளில் முகர்ந்து பார்த்து, சுவரின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் இற்ற பலகை உடனே காட்டிக்கொடுக்கும். டயரின் பூ தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறலாகாது. வெயிலில் நின்றே ரப்பர் கெடுகிறது. ஓடாத டயரும் கிழடாகும். பக்கச்சுவரில் பொறித்த நீண்ட குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. சென்ற வாரம் தம்பி பார்த்த வண்டியில் அப்படித்தான் இருந்தது. இரண்டு டயர்களின் விலையைக் கழித்துக் கேட்டிருக்கிறான். உரியவர் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.